ஏழு வயிறுகளும் ஒரு குமிழும்

"குருவிக்கு வயித்துல ஓட்டை இருந்தா, தின்னதெல்லாம் கீழ கொட்டிடாதா?"

பட்டறைகளைப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து முன்பொரு வருடம் ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். கையில் மண்குருவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பொம்மைக்காரி குனிந்து அந்த ஓட்டைமேல் விரலை வைத்தாள்.

"இது திங்கிறதுக்கு இல்லம்மா, மூச்சு விடறதுக்கு. உள்ள வெறும் கூடுதான். சூளையில வச்சா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகும். அது வெளிய போக வழி வேணும். வழி இல்லைன்னா வெடிச்சிடும்."

சின்னவள் சற்று யோசித்தாள். "எங்க அப்பாவுக்கும் ஒண்ணு போட்டு விடுங்க" என்றாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு மிருகத்துக்கும் கண் வைப்பதற்கு முன்னால் வயிற்றில் ஊசியால் குத்தும்போது பொம்மைக்காரிக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். முதலில் வயிறு, அப்புறம்தான் கண். அதுதான் அவள் வழக்கம். அந்த வழக்கம் எப்படி வந்தது என்பது அந்தச் சந்தில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

சந்து நீளமானது, குறுகலானது. தகரக் கூரை போட்ட ஒன்பது பட்டறைகள். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சூளை. மாதம் ஒருமுறை சுடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடுக்கில் இடம். வருடத்தில் ஒரு நாள் பட்டறைகளைத் திறந்துவிட்டு, வரைபடம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, ஊரையே உள்ளே அழைப்பார்கள். அந்த வரைபடத்தை வரைவது பட்டறைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். கோப்பை செய்கிறவர், வயதில் சின்னவர், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

இந்த வருடம் அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சூளையைத் திறந்தபோது நடு அடுக்கு முழுக்கச் சில்லாகக் கிடந்தது. செயலாளரின் இருபத்துநான்கு கோப்பைகளில் பதினெட்டு போய்விட்டன. தட்டுக்காரம்மாவின் தட்டுகள் நான்கு. ஜாடிக்காரரின் மூடிகள் மூன்று. அவருடைய ஜாடிகள் உயரமானவை என்பதால் மூடிகளை மட்டும் எடுத்து நடு அடுக்கில் வைப்பது வழக்கம். பொம்மைக்காரியின் மிருகங்கள் ஏழும் மிச்சமில்லை.

செயலாளர் குனிந்து ஒரு கோப்பைச் சில்லை எடுத்துப் பார்த்தார். அப்புறம் பேசினார்.

"எல்லாரும் வாய் திறந்த சாமான்தான் செய்யறோம். உள்ள கூடு வச்சு மூடறது இந்தச் சந்துல யாரு? நீங்க ஒருத்தர்தானே அக்கா?"

"மூடறது நான்தான் தம்பி. ஆனா ஓட்டை போடாம என் கையிலேருந்து ஒரு எறும்புகூட சூளைக்குள்ள போனதில்ல."

"ஒரு தடவை மறந்திருக்கலாம்."

"மறக்கல."

"என் கோப்பையைக் கேட்டு வர்றவங்களுக்கு நான் என்ன சொல்றது? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. என் கவனக்குறைவு, மன்னிக்கணும்னு. சூளைக் கதவுல ஒட்டிடறேன், விஷயம் முடிஞ்சுது."

"செய்யாத தப்புக்கு எப்படி எழுதறது?"

"அப்ப வரைபடத்துல உங்க பட்டறை இருக்காது. அடுத்த மூணு சுடுதலுக்கு உங்களுக்கு அடுக்கும் கிடையாது. நான் வேணும்னு சொல்லலக்கா. விதி அப்படி."

மூன்று சுடுதல் என்றால் மூன்று மாதம். பச்சை மண்ணாகவே பலகையில் உட்கார்ந்திருக்கும் மிருகங்களை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தண்ணீர் பட்டால் கரைந்துபோகும்.

அப்போது ஜாடிக்காரர் தொண்டையைச் செருமினார். சூளையில் சாமான்களை அடுக்குவது எப்போதும் அவர் வேலை. நெடிய மனிதர், அதிகம் பேச மாட்டார்.

"அடுக்கினது நான். அடுக்கு சரிஞ்சிருக்கும். என் தப்பா இருக்கும்" என்றார்.

"அடுக்கு நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுண்ணே. நீங்க சும்மா இருங்க" என்றார் செயலாளர்.

பொம்மைக்காரி நிமிர்ந்து ஜாடிக்காரரைப் பார்த்தாள். இதே வார்த்தைகளை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருடம் முன்னால் அவள் இந்தச் சந்துக்கு வந்த புதிது. முதல் சுடுதலில் ஒரு யானையை வைத்தாள். அழகான யானை, வயிற்றில் ஓட்டை மட்டும் இல்லை. சூளை திறக்கும் நாளில் அவள் ஓடி வருவதற்குள், நடு அடுக்கைச் சுத்தமாகக் கூட்டி வாரிவிட்டிருந்தார் ஜாடிக்காரர். ஆறு கிண்ணங்கள் உடைந்ததற்குச் சந்தே கூடி நின்றது. "அடுக்கு சரிஞ்சிருக்கும். என் தப்பு" என்று அவர் தலைகுனிந்து திட்டு வாங்கினார். ஒரு வாரம் கழித்து, அவர் பட்டறையில் ஊசி இரவல் கேட்கப் போனவள், சில்லுகளை இடிக்கும் இரும்பு உரலுக்குள் தன் யானையின் காது ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். அவரும் அவள் பார்த்ததைப் பார்த்தார். ஊசியை எடுத்து அவள் கையில் வைத்து, "மூடின சாமானுக்கு இது வேணும்மா" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அந்தப் பேச்சு திரும்பி வந்ததில்லை. இப்படிப்பட்டவர்களைக் கடவுள் சத்தமில்லாமல் அங்கங்கே வைத்திருக்கிறார். உலகம் அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

அன்று மாலை பொம்மைக்காரி நடு அடுக்கின் சில்லுகளை ஒரு சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அவள் கணவன் தையற்காரர். துணி வெட்டும் மேசையில் சாக்கைக் கவிழ்த்ததும் அவர் கத்தரிக்கோலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது மேசையா, சுடுகாடா?"

"கொஞ்சம் ஒட்டுப் போடணும். உங்களுக்குத்தான் கை வரும்."

"ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ரெண்டு நிமிஷ வேலை. நான் தினமும் உன்கிட்ட கேக்கலையா?"

"நீங்க செஞ்சதுக்குக் கேக்கறீங்க" என்றாள் அவள்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். மைதா பசை காய்ச்சி எடுத்து வந்தார். கிழிந்த துணியின் ஓரத்தைப் பார்த்தே எந்த இடத்துத் துண்டு என்று சொல்லும் கண் அவருக்கு. யானை, ஆமை, தவளை, கழுதை, பூனை, பன்றி, குருவி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. காதில்லாமல், வாலில்லாமல், கோணல்மாணலாக. ஆனால் ஏழின் வயிறுகளும் வந்து சேர்ந்தன. ஏழிலும் ஓட்டை இருந்தது.

"தப்பிச்சடி" என்றார் அவர். மிச்சம் கிடந்த சில்லுகளைப் புறங்கையால் தள்ளினார். "இதெல்லாம் யாரோடது?"

"நம்மளது இல்ல."

அவர் கை கழுவப் போனபின் அவள் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். உருண்டையான ஒரு குமிழ், உள்ளே வெற்றுக்கூடு. மூடியைத் தூக்குவதற்கான பிடி. அடியில் இடது கட்டைவிரல் தடம். நுனி தட்டையான விரல். அந்த விரல் யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாடிக்காரர் குமிழை உப்பலாகச் செய்து மூடியில் ஒட்டி, மூடியின் அடிப்பக்கமாக ஊசியால் குத்துவார். வெளியே தெரியாது. அதனால்தான் செயலாளர் நினைவுக்கும் அது வரவில்லை. இந்தக் குமிழின் அடியில் மண் வழவழவென்று இருந்தது. ஓட்டை இல்லை.

போன மாதம் அவர் கோப்பை ஒன்றின் கைப்பிடியைத் தேடித் தடவியதும், பழைய வரைபடம் ஒன்றைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்ததும் அவளுக்கு நினைவு வந்தது. வெடித்தது தன் குமிழ் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால் அன்றே சூளைச் சாவியைக் கழற்றி வைத்துவிடுவார். மற்றவர்களுக்குத் தெரிந்தால், அவர் வைப்பதற்கு முன்னால் வாங்கிக்கொள்வார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் குமிழை உரலில் போட்டுப் பொடியாக்கிப் புது மண்ணோடு பிசைந்தாள். பிசையும்போது அவள் உதடு அசைந்தது. அது பிரார்த்தனையாகத்தான் இருக்க வேண்டும்.

பார்வையாளர் நாள் விடிந்தது. வரைபடத்தில் எட்டுப் பட்டறைகள்தான் இருந்தன. பொம்மைக்காரி ஒரு கிண்ணம் வெள்ளை மண்ணைத் தண்ணீராகக் கரைத்து, சந்தின் முனையிலிருந்து தன் வாசல் வரை தரையில் விரலால் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றல்ல, பதினோரு அம்பு. வாசலில் ஒரு பலகை போட்டு, ஒட்டுப்போட்ட ஏழு மிருகங்களையும் மல்லாக்கக் கிடத்தினாள்.

தட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, எல்லாம் வெயில் காயுதா?"

"சாட்சி சொல்லுதுங்கக்கா."

முதல் கூட்டத்தைச் செயலாளர்தான் அழைத்து வந்தார். தரையைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், முகம் சிவந்தது. கூட்டம் அவருக்கு முன்னாலேயே அம்பின் வழியே நடந்து வாசலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, இது விதிக்கு விரோதம்."

"விதி வரைபடத்துக்குத்தானே தம்பி, தரைக்கு இல்லையே. விரலை வச்சுப் பாருங்க. நான் வச்சது ஏழு, இங்க ஏழு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் குனிந்தார். யானை, ஆமை, தவளை என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, குருவி வரைக்கும் வந்தார். நேர்மையான மனிதர், இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"சரி. நீங்க இல்ல. அப்ப வெடிச்சது எது?"

"அது தெரியும்."

"யாரோடது?"

"சொல்ல மாட்டேன்."

ஜாடிக்காரர் தன் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலைன்னா மறைக்கறீங்கன்னு அர்த்தம்" என்றார் செயலாளர். "பதினெட்டுக் கோப்பை அக்கா. ஒவ்வொண்ணும் நான் வழிச்சு வழிச்சு செஞ்சது. மறைச்சீங்கன்னா அந்த மூணு சுடுதல் உங்களுக்கு இல்லதான்."

"உங்க கோப்பை போனது எனக்கும் வருத்தம்தான். ஆனா செய்யாததுக்கு மன்னிப்பும் கேக்க மாட்டேன், செஞ்சவங்களைக் காட்டியும் குடுக்க மாட்டேன். தெரிஞ்சு செஞ்சதில்ல, இனிமே நடக்காமப் பாத்துக்கறது என் பொறுப்பு. அடுக்கு வேணும்னா எடுத்துக்குங்க தம்பி. இந்தக் கதவு மட்டும் திறந்துதான் இருக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கை மட்டும் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது, வெள்ளை மண் காய்ந்த கை.

தட்டுக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் அடுக்குல எப்பவும் பாதி இடம் காலியாத்தான் போகுது. இவ கழுதை அதுல ஏறிக்கட்டும். அதுக்கும் விதி இருக்கா?"

"அதுக்கு விதி எழுதலக்கா" என்றார் செயலாளர். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்கு நடந்தார்.

இரண்டாம் கூட்டம் வந்தபோது பொம்மைக்காரி ஒன்றைக் கவனித்தாள். அவர்கள் கையிலிருந்த வரைபடங்களில், அவள் பட்டறை இருக்கும் இடத்தில், நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் கையால் போட்ட வட்டம். அவள் வந்தவர்களை உள்ளே அழைத்தாள். செயலாளர் அந்தப் பக்கம் வரவில்லை.

பிற்பகலில் எல்லோரும் சந்தின் கோடிக்குப் போனார்கள். அங்கே ஜாடிக்காரர் சக்கரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடியை எழுப்பிக் காட்டுவார். வருடா வருடம் கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். கண் மங்கினால் என்ன, சக்கரத்தில் அவர் கைதான் பார்க்கும். தட்டுக்காரம்மாவும் போனாள், தையற்காரரும் போனார். சந்து வெறிச்சென்றிருந்தது.

பொம்மைக்காரி ஜாடிக்காரரின் பட்டறைக்குள் நுழைந்தாள். அடுத்த சுடுதலுக்காக நான்கு மூடிகள் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன, இன்னும் ஈரம் முழுக்கப் போகாமல், கெட்டித் தோல்போல. முதல் மூடியைத் தூக்கி அடியில் விரலை ஓட்டினாள். ஓட்டை இருந்தது. இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் குமிழுக்கு நேர் கீழே வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஒரு விரல் தள்ளி வெறும் மூடியில் ஊசி இறங்கியிருந்தது. அவர் மறக்கவில்லை. இடம்தான் தெரியவில்லை.

கொண்டையில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள். இருபத்திரண்டு வருடம் முன்னால் இதே பட்டறையில் வாங்கி, திருப்பிக் கொடுக்காத ஊசி. சரியான இடம் பார்த்துக் குத்தினாள். உள்ளே கூடு தட்டுப்பட்டது. தப்பான இடத்திலிருந்த துளையில் துளி மண்ணை வைத்து அடைத்தாள். எச்சில் தொட்ட விரலால் பிசிறை வழித்துவிட்டு, மூடியை இருந்த இடத்தில், இருந்த முகமாகவே வைத்தாள். நான்காவதையும் பார்த்தாள். சரியாக இருந்தது.

கோடியில் கைதட்டல் எழுந்தது. ஜாடி நின்றுவிட்டது போலிருக்கிறது. அவள் ஊசியைச் சேலையில் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். அடுத்த மாதமும் வேண்டியிருக்கும்.