அறுபத்து நான்காவது கையெழுத்து

மேலே பாதிப் பக்கம் விட்டுவிட்டுக் கீழே கையெழுத்து வாங்கியது நான்தானே. ஆபேல் சார் சொன்னார், வாங்கினேன். எதற்கு சார் இவ்வளவு இடம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா, ஆண்டவரே?

பள்ளிக்கூட மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபகனிக்கு, மேசைமேல் கிடந்த அந்த நீள நோட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வாசலில் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். திருச்சபை இத்தனை காலம் இலவசமாக நடத்திவந்த பள்ளியை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாமா என்று பெற்றோரைக் கேட்க அதிகாரி வந்திருந்தார். ஒப்படைத்தால் ஆங்கில வழி, கட்டணம் வேறு. கேட்பதற்குக் குறித்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் அந்நேரம் ஷூ கம்பெனியில் மெஷின் முன்னால் இருப்பார்கள். வந்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

போன வாரம் தலைமையாசிரியர் ஆபேல்தான் நோட்டைக் கொடுத்தார். “நீதானேம்மா பெற்றோர் சங்கத் தலைவி. கூட்டம் இருக்குன்னு தெரியும்னு எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து, அவ்ளோதான். மேல தேதி, இடமெல்லாம் நான் எழுதிக்கறேன்.”

வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், டிபன் டப்பாமேல் நோட்டை வைத்து அறுபத்து மூன்று பேரிடம் வாங்கினாள். யாரும் படிக்கவில்லை, படிக்க அதில் ஒன்றும் இல்லை. ஜெபா நீட்டினாள், போட்டார்கள்.

இப்போது அதிகாரி அந்த மேல்பாதியை வாசித்தார். “பள்ளி நிர்வாகத்தை அறக்கட்டளைக்கு மாற்ற, கீழே கையொப்பமிட்ட பெற்றோராகிய நாங்கள் முழுமனதுடன் சம்மதிக்கிறோம்.”

பின்வரிசையில் பக்ருன்னிசா எழுந்தாள். அதே கம்பெனியில் ஒட்டும் பிரிவில் வேலை. அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

“இன்னா சார் சம்மதம்? நாங்க இன்னும் வாயே தொறக்கலியே.”

“உங்க பேரு?”

“பக்ருன்னிசா.”

அதிகாரி விரலை ஓட்டித் தேடினார். “பதினேழாவது. இது உங்க கையெழுத்துதானே?”

அவள் மேசையருகே வந்து குனிந்தாள். பெயருக்குப் பக்கத்தில் அவள் விரலிலிருந்து ஒட்டிய பசை பழுப்பாகக் காய்ந்திருந்தது. இல்லை என்று சொல்ல வழியில்லை.

“ஜெபா, நீதான வாங்குன? கூட்டத்துக்குன்னு சொன்னியே.” குரல் உயரவில்லை. “நல்ல தோஸ்த்துடி நீ. மூணு பசங்கள இட்டுகினு நான் எங்க போவேன்?”

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் கேட்காமல் இருந்தது தெரியாமல் மட்டுமா? ‘தலைவி’ என்று ஆபேல் சார் அழைத்தபோது உள்ளே எழுந்த அந்தச் சின்ன சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமலுமா?

ஆபேல் நோட்டைத் திருப்பி ஜெபகனி முன் நகர்த்தினார். கடைசி வரி காலியாக இருந்தது. தலைவி கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது. குனிந்தவரின் முகம் நாள்கணக்கில் தூங்காதவர் முகமாக இருந்தது.

“சபையால இனிமே முடியாது, ஜெபகனி. போடலன்னா ஜூன்ல மூடிடுவாங்க. உனக்கு மட்டும் சொல்றேன், அக்சாவுக்குப் பன்னெண்டாவது வரைக்கும் ஃபீஸ் இல்ல. எழுத்துலயே வாங்கித் தர்றேன்.”

மகள் அக்சா ஒன்பதாம் வகுப்பு. நர்சிங் படிக்கப் போகிறாளாம். வேலூரில் இறங்கி, கல்லூரி இருக்கும் பாகாயத்துக்கு எந்த பஸ் ஏறவேண்டும் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கென்று ஜெபகனியைத் தவிர யாரும் இல்லை. போட்டால் அக்சா ஒருத்தி பிழைப்பாள். போடாவிட்டால் பக்ருன்னிசாவின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கதவு மூடலாம். ஆண்டவரே, ஒரு வழி காட்டும் என்று மனம் கெஞ்சியது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பேனாவை எடுத்தாள். பக்ருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெபகனி பேனாவுக்கு மூடியைப் போட்டு, நோட்டின் மேல் வைத்தாள்.

“நான் போடல சார்.”

“அவசரப்படாதம்மா. அக்சாவ நெனச்சுப் பாரு.”

“நெனச்சேன் சார்,” என்றாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.