மரண உதவிச் சங்கத்தின் பேஸ்போல்

வாழ்த்துச் செய்தி கேட்ட கடிதத்தோடு மலரின் மாதிரிப் படியும் வந்திருந்தது. ‘மலையக பேஸ்போல் லீக் – பத்தாண்டு நிறைவு மலர்’ என்று அட்டையில் தங்க எழுத்து. நாவலப்பிட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் சமாதான நீதவானுமாகிய ராஜலிங்கம் அவர்கள் அரைப் பக்கத்துக்கு மிகாமல் ஆசி வழங்க வேண்டுமாம். கோட் அணிந்த புகைப்படம் ஒன்றும் வேண்டுமாம்.

லீக்கின் வரலாறு ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ‘2016ஆம் ஆண்டு குண்டசாலையில் எமது தலைவர் ரமேஸ் அவர்களின் உள்ளத்தில் உதித்த எண்ணமே இன்று எட்டு அணிகளாக விரிந்து நிற்கிறது.’ ராஜலிங்கம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினார். விளம்பரங்களைக்கூட விடவில்லை. கணேஸ் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

கணேஸ் அவருடைய தம்பி, பதினான்கு வயது இளையவன். அந்த லீக்கைப் பெற்று வளர்த்தவன் அவன்தான். கொரோனாவில் போய் நாலு வருடமாகிறது. செத்தவன் எழுந்து வந்து கேட்கமாட்டான் என்ற துணிச்சலில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் போதாதென்று, அவனுடைய கூடப்பிறந்தவனிடமே ஆசி கேட்கிறார்கள். பிணத்தின் காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றிக்கொண்டு, வீட்டுக்காரனிடமே அதற்குப் பெட்டி கேட்பதுபோல.

“நாளைக்கு குண்டசாலைக்குப் போறேன்” என்று பக்கத்து வீட்டில் இருந்த தம்பி மனைவி சந்திரிகாவிடம் சொன்னார். அவள் மலரை வாங்கிப் பார்த்தாள். மூடித் திருப்பிக் கொடுத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அது வேறு எரிச்சலாக இருந்தது.

கண்டியில் சில காலம் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு ஜப்பான்காரத் தொண்டர் ஊருக்குத் திரும்பும்போது ஆறு கையுறையும் இரண்டு மட்டையும் விட்டுப்போனார். 2010இல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கணேஸ். அப்போது அவன் உடற்கல்வி ஆசிரியர். பாடசாலையை விட்டு நின்று தோட்டத்திலும் கடைகளிலும் வேலை செய்த பையன்களைச் சேர்த்து நாவலப்பிட்டி, கம்பளை, புசல்லாவை, பேராதனை என்று நாலு அணி அமைத்தான். எந்தப் பெரிய சங்கத்தின் அழைப்புக்கும் அவன் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசன் வேலையை விட்டுவிட்டு ஒருவன் பந்தெறிய வரவேண்டுமானால் அவனுக்கு நாள் கூலி கொடுத்தாக வேண்டும் என்றான். டிக்கட் விற்றான், கடை கடையாகப் போய்க் கேட்டான், கொடுத்தான். மூன்றாம் வருடம் அணிகள் ஆறு. கம்பளை அணிக்கும் நாவலப்பிட்டிக்கும் போட்டி என்றால் மைதானத்து மேட்டில் கடலைக்காரர்களுக்கே நிற்க இடம் இருக்காது. ரமேஸ் வந்தது அதற்குப் பிறகுதான். தண்ணீர்த் தாங்கி விற்கிற தன் கொம்பனியின் பெயர் போட்ட சேர்ட்டுகளோடு வந்தார். ஆறு வருடம் பழுத்த மரத்தின் கீழே வந்து நின்று, நான்தான் விதை போட்டேன் என்கிறார்.

இப்படியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டேதான் ராஜலிங்கம் கண்டியில் பஸ் மாறி குண்டசாலைக்குப் போய் இறங்கினார்.

கொம்பனி அலுவலகத்தில் ரமேஸ் எழுந்து நின்று வரவேற்றார். கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வரவழைத்தார். ராஜலிங்கம் உட்காரவுமில்லை, பிளேன்டீயைத் தொடவுமில்லை. ஐந்தாம் பக்கத்தை மேசையில் விரித்து வைத்து, இது யார் வீட்டு வரலாறு என்று கேட்டார்.

ரமேஸ் பதற்றப்படவில்லை. கணேஸ் மாஸ்டர்மேல் தனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றார். ஆனால் அனுசரணை தருகிற கொழும்புக் கொம்பனி ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்கிறது, 2016க்கு முன்னே லீக் இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். மைதானத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து பிரதி எடுத்ததாம்.

“இது ஒங்க கையெழுத்துத்தானே, ஐயா?”

ராஜலிங்கத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பத்தடி தூரத்திலிருந்தே தன் எழுத்தை அவர் அறிவார். ‘எமது மரண உதவிச் சங்கத்தின் உறுப்பினர் ஒன்றுகூடலுக்காக எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைத் தந்துதவுமாறு…’ கீழே செயலாளர் ராஜலிங்கம், சமாதான நீதவான் என்ற முத்திரை. இப்படி ஆறு வருடத்துக் கடிதங்கள். ஒன்றில்கூட பேஸ்போல் என்ற சொல் இல்லை.

“ஒங்க தம்பி விளையாட்டு நடத்துனாரா, எழவுக்குக் கூட்டம் போட்டாரா? நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க” என்றார் ரமேஸ். குரல் தாழ்ந்தே இருந்தது. “இதெல்லாம் பொய்னு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுங்க. நாளைக்கே அஞ்சாம் பக்கத்த மாத்துறேன். என்ன, பொய்க் கடிதத்துல முத்திர குத்துன நீதவான்னு ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு. பதவியும் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் அதைச் செய்யமாட்டார் என்று ரமேஸுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நாவலப்பிட்டி வந்து சேரும்வரை ராஜலிங்கம் அந்த மனிதனைத் திட்டிக்கொண்டே வந்தார். கம்பளை தாண்டியபோது திட்டுவதற்குச் சொற்கள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு, அந்தக் கடிதங்களை ஏன் எழுதினார் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2010இல், பதிவு செய்த சங்கங்களுக்கு மட்டுமே மைதானம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கணேஸ் அண்ணனிடம் வந்தான். அப்பாவின் பெயரில் ‘மூக்கையா விளையாட்டுக் கழகம்’ என்று பதிவோம், நீங்கள் தலைவராக இருங்கள் என்றான். ராஜலிங்கம் கொதித்துப்போனார். பாட்டன் கொழுந்துக் கூடை சுமந்து நாட்சம்பளம் வாங்கினார். அப்பா மூக்கையா கணக்கப்பிள்ளையாகி மாதச் சம்பளத்துக்கு ஏறினார். அவர் பிள்ளை பெரிய கிளாக்கர். மூன்று தலைமுறை ஏறிவந்த படியை இவன் கூலிக்குப் பந்தெறியும் கும்பலோடு ஒரே நாளில் இறங்குவதா? மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றால் பாதிக் கூலியாம். அதற்கு அந்தப் பையன்கள் தோட்டத்தில் பாதி நாள் வேலைக்குச் சொல்வதுபோல ‘அரைப் பேர்’ என்று சொல்லிச் சிரித்ததை அவர் காதாலேயே கேட்டிருந்தார். அப்பாவின் பெயரைத் தரமாட்டேன் என்றார். ஆனாலும் தம்பி கெஞ்சினான். தாம் செயலாளராக இருந்த மரண உதவிச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தார். குடும்பப் பெயரில் ஒரு துளி கறை படாமல் காரியத்தை முடித்த தம் சாமர்த்தியத்தில் அன்றைக்கு அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

நடந்ததைச் சந்திரிகாவிடம் சொன்னார். ரமேஸின் திமிரைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அவள் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அந்த ஆளு இன்னைக்குத்தான் மறைச்சாரு, மாமா” என்றாள். “நீங்க மொத நாளே மறைச்சிட்டீங்க.”

“நான் குடும்பத்துக்காகச் செஞ்சேன்.”

“ஒங்க தம்பி ஒங்ககிட்ட வேற எதையாவது கேட்டிருக்காரா? அப்பா பேர ஒண்ணத்தான் கேட்டாரு. நீங்க சாவுச் சங்கத்துப் பேரக் குடுத்தீங்க. அதயும் ‘எங்க அண்ணன் எழுதுன கடிதாசி’ன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு.”

கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. ராஜலிங்கத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் அந்தக் கோபம் என்று அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைத் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

சத்தியக் கடதாசி அவருக்குப் புதிதல்ல. பிறப்புப் பதிவில் பெயர் பிழை, அடையாள அட்டையில் வயதுப் பிழை என்று ஊரில் பாதிப் பேருக்கு எழுதியவர். ஆனால் தன் கடதாசியைத் தானே நீதவானாக நின்று உறுதிப்படுத்த முடியாது. வேறொரு சமாதான நீதவான் முன்னே போய் நிற்க வேண்டும். நாவலப்பிட்டியில் போய் நிற்க மனம் வரவில்லை. கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரிடம் போனார். அது இன்னும் கசப்பு. லீக்கின் முதல் வருடத்திலிருந்தே கம்பளை அணியின் முதுகில் தன் கடைப் பெயரைப் போட்டு, மேட்டில் குடை பிடித்துக்கொண்டு கத்தியவர் அந்த மனிதர். வியாபாரிக்கு மானமேது என்று ராஜலிங்கம் அப்போது ஏளனமாகச் சொன்னது ஹாஜியார் காதுக்கும் போயிருந்தது.

“என்ன ஐயா, ஊருக்கெல்லாம் கடதாசி முடிக்கிற ஒங்களுக்கே கடதாசியா?” என்றார் ஹாஜியார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். கடையில் மூன்று பெண்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகலாமா என்று ராஜலிங்கம் கேட்டார். ஹாஜியார் அசையவில்லை. முறைப்படி வாசியுங்கள், நான் கேட்க வேண்டும் என்றார்.

ராஜலிங்கம் முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார். இந்துவாகிய நான் பயபக்தியோடும் உண்மையோடும் உறுதி கூறுவதாவது. என் தம்பி கணேஸ் 2010ஆம் ஆண்டு பேஸ்போல் லீக்கைத் தொடங்கி நடத்தினார். மைதானம் கேட்டு நான் எழுதிய கடிதங்களில் குறிப்பிட்ட ஒன்றுகூடல்கள் அந்த லீக்கின் போட்டிகளே. நிர்வாக வசதி கருதி மரண உதவிச் சங்கத்தின் பெயர் அவ்வாறு பயன்படுத்தப்பட்டது.

“நிப்பாட்டுங்கொ” என்றார் ஹாஜியார். “நிர்வாக வசதியா?”

“அப்படித்தான் எழுதுறது வழக்கம்.”

“வழக்கம் இருக்கட்டும். நீங்க என் முன்னுக்கு சத்தியம் பண்ண வந்தீக்கிறீங்க. கணேஸ் மாஸ்டர் இந்தக் கடைப் படியில குந்திக்கிட்டு என்னத்த சென்னார்னு எனக்குத் தெரியும். ‘அண்ணனுக்கு வெக்கமா இருக்கு ஹாஜியார்’னு சென்னார். நான் பொய்க்கு ஒப்பம் வெக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்கொ.”

சேலை பார்த்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருடம் தோட்டத் துரைமாருக்கே பயப்படாமல் பேனா பிடித்தவரை ஒரு துணிக்கடைக்காரர் திருத்துகிறார். ராஜலிங்கம் கடதாசியை மடித்துக்கொண்டு வெளியே இறங்கினார். தெருவில் ஐந்தாறு அடி போனார். பஸ் நிலையம் எதிரே இருந்தது. நாவலப்பிட்டி பஸ்ஸும் நின்றது. ஏறிவிட்டால் ஐந்தாம் பக்கம் அப்படியே அச்சாகும். பத்து வருடம் கழித்து அதுவே உண்மையாகிவிடும்.

திரும்பி வந்தார். கல்லா மேசையில் கடதாசியை விரித்து, ‘நிர்வாக வசதி கருதி’ என்ற சொற்களை ஒரு கோட்டில் அடித்தார். மேலே எழுதினார்: ‘கூலிக்கு விளையாடும் விளையாட்டோடு என் குடும்பத்தின் பெயர் சேர்வதை நான் வெட்கமாகக் கருதியதால்’. அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ஹாஜியாரும் வைத்தார். கூலி எதுவும் வாங்கவில்லை. ராஜலிங்கம் நன்றி சொல்லவுமில்லை.

அன்று மாலையே கடதாசியை ரமேஸின் மேசையில் வைத்தார். “நாளைக்கேன்னு சொன்னீங்க. நான் வாசிச்சுப் பார்ப்பேன்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் நீதவான் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் அனுப்பினார். இன்னொருவன் பறிக்கும்வரை காத்திருக்க அவர் தயாராக இல்லை.

மலர் வெளியீடு கண்டியில் ஒரு மண்டபத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது. எட்டு அணியும் சேர்ட்டோடு வந்திருந்தது. ராஜலிங்கத்தை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சந்திரிகா. ஹாஜியார் இரண்டு வரிசை பின்னே. மலரைக் கையில் கொடுத்ததும் ராஜலிங்கம் ஐந்தாம் பக்கத்துக்குப் போனார். ரமேஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், தன் பாணியில். வரலாறு 2010இல் தொடங்கியது. எதிர்ப் பக்கத்தில் ராஜலிங்கத்தின் சத்தியக் கடதாசி முழுவதும், அடித்த கோடும் சுருக்கொப்பமும் தெரிய, அப்படியே அச்சாகியிருந்தது.

மண்டபத்தில் பக்கங்கள் புரள்வதும் பிறகு நிற்பதும் அவருக்குக் கேட்டது. பின்னால் யாரோ வாய்விட்டு வாசித்தான். யாரோ அவனை அதட்டினான். ஆனால் அவர் தலை குனியவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வரலாற்றை வரிவரியாக வாசித்தார். இரண்டாம் பத்தியில் நின்றார். மறுபடி வாசித்தார்.

‘பிரபல முன்னாள் சமாதான நீதவான் திரு. ராஜலிங்கம் அவர்களின் இளைய சகோதரரான கணேஸ் என்பவர் இவ்விளையாட்டை ஆரம்பித்தார்.’

மேடையில் ரமேஸ் பேசிக்கொண்டிருந்தார். ராஜலிங்கம் எழுந்தார். சந்திரிகா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, “மாமா, ஒக்காருங்க, போதும்” என்றாள். அவர் கேட்கவில்லை. படியேறி, பேசிக்கொண்டிருந்த மனிதரின் பக்கத்தில் போய் நின்றார். ரமேஸ் நிறுத்த வேண்டியதாயிற்று. ராஜலிங்கம் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அஞ்சாம் பக்கம், ரெண்டாம் பத்தி” என்றார். கோபத்தில் குரல் கரகரத்தது. “எல்லாரும் பேனா எடுங்க. இந்த லீக்க ஆரம்பிச்சவன் மூக்கையா மகன் கணேஸ். நான் கணேஸோட அண்ணன். எழுதுறதா இருந்தா அந்த வரிசையில எழுதணும்.”

யாரும் அசையவில்லை. அவர் மேடையை விட்டு இறங்கவுமில்லை. முதலில் கம்பளை அணியின் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் பேனா கேட்டான்.