அண்ணன் தரை, தம்பி தரை

அண்ணன் வீட்டுத் தரை வருடத்துக்கு ஒரு முழம் தம்பி வீட்டை நோக்கி நகர்ந்தது. நகர்கிற தரை தன்மேல் நிற்பதையும் கூட்டிக்கொண்டுதானே போகும். முதலில் அண்ணியின் தையல் மெஷின் போனது, அடுத்து துணி பீரோ, அப்புறம் மாவு பிசையும் மேஜை. நடுச்சுவரை நெருங்கியதும் செங்கற்கள் திரைச்சீலை மாதிரி விலகி வழிவிடும், பொருள் அந்தப் பக்கம் போனதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். சுண்ணாம்புகூட உதிராது. தெருவில் பேச்சு வந்தால், சுவரைக் கட்டிய கொத்தனாரின் கைத்திறனைத்தான் எல்லோரும் மெச்சினார்கள்.

பாகம் பிரித்த அன்று, பஞ்சாயத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பசி வந்துவிட்டதால் ஒரே வரியில் முடித்தார்கள்: யார் தரையில் என்ன நிற்கிறதோ அது அவருடையது. அண்ணன் ரொட்டி சுடுகிறவர், தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டின் ஒரு பாதித் தரை எப்போதும் கதகதப்பாக இருக்கும், அடுப்புக்குப் பாதி விறகே போதும். மறுபாதி சில்லென்று கிடக்கும். “சூடு பக்கத்த நீயே வச்சுக்கோண்ணே, உன் பொழப்பு அதுலதான இருக்கு” என்று தம்பி விட்டுக்கொடுத்தபோது அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் பல வருடம் இதைச் சொன்னார். சிலர் இந்தக் கதைக்குப் பயந்தே வேறு கடைக்கு மாறினார்கள். தையல் மெஷின் போனபோதுகூட, யார் வீட்டில் இருந்தால் என்ன, தம்பி வீடுதானே என்றார். அண்ணி கையால் தைக்கப் பழகிக்கொண்டாள்.

தம்பியின் மாமனார் ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர். தமக்குத் தாமே பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்து, தலைமையும் தாமே வகித்தார். பூமிக்கடியில் பாறை குழம்பாகிக் கொதிக்கிறது, சூடானது லேசாகி மேலே வருகிறது, மேலே வந்தது பக்கவாட்டில் நகர்கிறது என்று விளக்கிவிட்டு, கைதட்டலுக்காகத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் வரிசையிலிருந்து அண்ணன்தான் முதலில் தட்டினார். அந்த உற்சாகத்தில் பேராசிரியர், இதெல்லாம் வெறும் புத்தக அறிவல்ல, பாகப்பிரிவினைக்கு முன்பே மாப்பிள்ளையை உட்காரவைத்து எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும் என்று சொன்னதே தாம்தான் என்றார். அண்ணனின் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. நிறுத்த வேண்டும் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நகர்ந்தது ஆறும், ஆறினால் கனத்துக் கீழே இறங்கும் என்ற கடைசிப் பகுதி வந்தபோது சபை டீ குடிக்கப் போயிருந்தது, மாப்பிள்ளை உட்பட. அண்ணன் மட்டும் உட்கார்ந்து கேட்டார்.

சாயங்காலம் அண்ணன் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தெரிஞ்சுதான் குடுத்தியாடா?”

“நீ கேக்கலையேண்ணே.” பாலிசியின் நிபந்தனையைப் படித்துக் காட்டுகிற குரல். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அந்த மழைக்காலத்தில் ரொட்டி அடுப்பும் நடுச்சுவரைத் தாண்டியது. தம்பி அதில் குடை காயவைத்தார். அண்ணன் மறுபடி ஒரே ஒருமுறை போனார், பொருள் கேட்க இல்லை. ஆறின தரை கீழே இறங்கும், கோடிச் சுவரோரம் கட்டிலைப் போடாதே என்று சொல்லிவிட்டு வர.

“பொருள் வேணும்னா நேரா கேளுண்ணே. பயங்காட்டாத” என்று தம்பி சிரித்தார். ஊரையெல்லாம் பயங்காட்டியே பாலிசி விற்றவர்.

வருடங்கள் போகப் போக, கோடிச் சுவரோரம் தையல் மெஷின் இறங்கியது, பீரோ இறங்கியது, மேஜையும் அடுப்பும் இறங்கின. ஒரு மத்தியான வேளையில் கட்டில், தூங்குகிற தம்பியோடு இறங்கத் தொடங்கியது. இடுப்புவரை போனவரைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தது அண்ணன்தான். மெதுவாக நடப்பதை விபத்தாகக் கருத முடியாது என்று தம்பியின் இன்சூரன்ஸ் கம்பெனியே கையை விரித்துவிட்டது. அவர் மாமனார் வீட்டு மாடிக்குக் குடிபோனார். அங்கே சாப்பாட்டு நேரமெல்லாம், தரை ஏன் இறங்கியது என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் பக்கம் புதிதாக மேலே வந்த கருந்தரை அடுப்பைவிடச் சூடாக இருந்தது. தட்டை அதன்மேல் வைத்தாலே ரொட்டி வெந்தது. வாடிக்கையாளர்கள் ருசியில் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிப் போனார்கள். வெந்த முதல் ரொட்டியை அண்ணன் பழக்கத்தில், தம்பிக்குப் பாதி என்று இரண்டாக வெட்டினார். பிறகு இரண்டையும் அவரே தின்றார்.