தூண் போட்ட தனித்தட்டு

இசைத்தட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்தபோது, திரைச்சீலை தைப்பவளின் முன்னறை பதினோரு அங்குலம் அகலமாகியிருந்தது. அளவெடுப்பதே தொழில் என்பதால் கண்ணை நம்பாமல் டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்தாள். ஒன்பதடி இருந்த அறை இப்போது ஒன்பதடி பதினோரு அங்குலம். மறுபக்கத்தைப் போட்டாள், இன்னும் ஏழு அங்குலம் கூடியது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் வந்து வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே மூலைகளில் மட்டம் வைத்துப் பார்த்தார். "சுவரு நகரலக்கா. விரிசலும் இல்ல. உள்ள மட்டும்தான் கூடியிருக்கு. சும்மா கிடைச்ச இடம், விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இருபத்தொன்பது வருடமாக உறை பிரிக்காமல் துணிக்கட்டுகளுக்கு அடியில் கிடந்த தட்டு அது. அவள் இளம்பெண்ணாக இருந்தபோது ஊரையே கிறங்கடித்த ராக் குழு ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பாடகன்மேல்தான் கண். அவன் தலைமுடியைச் சிலுப்பினால் முன்வரிசை அலறும். அவளும் தொண்டை கட்டும்வரை அலறியிருக்கிறாள். பின்னால் பேஸ் கிடாருடன் அசையாமல் நின்றவனுக்குத் தூண் என்று பெயர். புகைப்படங்களில் பெரும்பாலும் அவனுடைய ஒரு தோளும் பாதிக் காதும் மட்டுமே விழுந்தன. அவளுடைய அண்ணன் மட்டும் தூணுக்கு ரசிகன். "அவன் விரல மட்டும் கேளு, மத்ததெல்லாம் கூச்சல்" என்பான். ஒருநாள் குழு உடைந்தது. பாடகன் பெரிய ஆளானான். தூண் தனியாக ஒரு தட்டு போட்டான். அது கடைகளில் தூசி தின்றது.

அந்த வருடம்தான் அண்ணனுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஒன்பதடி அறையில் ஒரு தையல் மெஷின், இரண்டு தொட்டில், அண்ணன், அண்ணி, அவள். ஒருவர் புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும். இடம் பற்றாமல் அண்ணன் தூர ஊருக்கு மாற்றல் வாங்கினான். கிளம்பும்போது தட்டை அவள் கையில் வைத்து, "ஒரே ஒரு தடவ கேளு" என்றான். "தூணெல்லாம் பாடினா விளங்கின மாதிரிதான்" என்று சிரித்து வாங்கி வைத்தாள். முதலில் கடிதங்கள் வந்தன, பிறகு போன், பிறகு வருடத்துக்கு ஒரு நலம் விசாரிப்பு, போன மாதம் அண்ணியின் அழுகை. காரியமெல்லாம் முடிந்து திரும்பியவள் துணிக்கட்டுகளைப் புரட்டினாள். தூணின் குரல் கனமாக, தயங்கித் தயங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. மொத்தம் பதினெட்டு அங்குலம். தொட்டில்களைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று தோன்றியதும் டேப்பைச் சுருட்டாமலே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பழைய ரெக்கார்டுக் கடைக்காரர் சொன்ன தகவலை வைத்துத் தூணைப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. குழிக்குள்ளிருந்து நரைத்த தலை மட்டும் தெரிந்தது. அவள் சொன்னதை எல்லாம் கிரீஸ் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை.

"மாடிப்படிக்குக் கீழ உக்காந்து பதிவு பண்ணதும்மா அது. கைய நீட்ட முடியாது. கொஞ்சம் இடம் கிடைச்சா போதும்னு நெனச்சுக்கிட்டேதான் முழுசும் வாசிச்சேன்."

"நான் அப்பவே கேட்டிருந்தா எங்கண்ணன் போயிருக்கவே மாட்டான் சார்."

தூண் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். அப்புறம், "யாருமே கேக்கலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்... உங்கண்ணன் எப்படி இருப்பாரு? சொல்லுங்க" என்றார். வேலை நேரம் முடியும்வரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சாப்பிடும்போதுகூடத் தட்டில் தாளம் போடுவதையும், ஒல்லிக் கழுத்துக்கு ஒரு சட்டையும் பொருந்தாததையும் அவள் சொல்லச் சொல்ல, யாரோ நெருங்கிய உறவுக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூண் கிடாருடன் வந்தார். முதல் நாள் நாலு பேர் கேட்டார்கள். அறை இரண்டடி வளர்ந்தது. புதுப் பாட்டுகள் வர ஆரம்பித்ததும் டேப் எட்டவில்லை, அவளும் அளப்பதை விட்டுவிட்டாள். விடுமுறைக்கு வந்த அண்ணியும் பெண்களும் கிழக்கு ஜன்னல் பக்கம் படுக்கை போட்டுக்கொண்டு அப்படியே தங்கிவிட்டார்கள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் வெளிச்சுவரை அளந்து ஒன்பதடி என்று எழுதினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நிறையத்தான் வருகிறது. ஆறு மணிக் கச்சேரிக்கு எல்லோரும் ஐந்தரைக்கே வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து நாற்காலிக்கு நடக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது.