மூன்று வருஷக் கணக்கு

ஷிப்ட் பஸ்ஸின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். நசரத்பேட்டை ஹைவே ஓரம், வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மதிய ஷிப்டுக்குப் போகிற பெண்கள், எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. கீழே காண்ட்ராக்டர் பரந்தாமன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். என் பிளஸ் டூ மார்க்‌ஷீட்டும் டி.சி.யும் பக்கத்தில் இருந்த அவருடைய ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தன. ஆவடிப் பக்கம் காலேஜில் எனக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சீட் கிடைத்திருந்தது. ஒரிஜினலோடு போய்ச் சேர அன்றுதான் கடைசி நாள்.

அவற்றைத் தூக்கிக் கொடுத்தவர் என் நைனா வேம்புலி. பூந்தமல்லிக்கும் நசரத்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். செல்போன் கம்பெனிக்குப் பெண்களை எடுக்கிறேன் என்று பரந்தாமன் தெருவுக்கு வந்த அன்று நான் வீட்டில் இல்லை. பரந்தாமன் ஆள் எடுத்தால் முதல் வேலையாக ஒரிஜினலை வாங்கிப் பூட்டிக்கொள்வார். பெண்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதாம். ஒரு வருஷம் முடியாமல் திரும்பி வராது. தெரிந்துதான் கொடுத்தாயா என்று நைனாவைக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கணக்கு மட்டும் கணீரென்று சொன்னார். கம்பெனியில் மாதம் பதினாலாயிரம், மூன்று வருஷத்தில் ஐந்து லட்சம். காலேஜ் என்றால் பேங்க் லோன் ஒன்றரை லட்சம் தலையில், வட்டி தனி. படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு லேபில் போய் நின்றால் அவனும் அதே பதினாலாயிரம்தானே தருவான் என்றார். எனக்கு எரிச்சலே அதுதான். நானும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஜெயித்தார். என் சித்தப்பா மகள் ஹேமாவதி அந்தக் கம்பெனியில்தான் ஸ்க்ரூ முடுக்குகிறாள். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டாள், தெருவே மெச்சுகிறது. சேர்ந்த நாளிலிருந்து அதே ஸ்க்ரூ, அதே சம்பளம். இதை மட்டும் ஒருத்தரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிளஸ் டூ பிராக்டிகலில் என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதினார்கள். நான் டெஸ்ட் டியூபைச் சாய்த்துப் பிடித்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நடுவில் பழுப்பாக ஒரு வளையம் வந்து நின்றது. நைட்ரேட். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? எழுத வேண்டாம். எனக்கு கெமிஸ்ட்ரி வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் லேட்டானால் கம்பெனி தனக்குத்தான் ஃபைன் போடும் என்று பரந்தாமன் புலம்பினார். ஹேமாவதி சொல்லி எனக்கு அது ஏற்கெனவே தெரியும். அதனால்தான் ஆபீஸில் போய்க் கெஞ்சாமல் இங்கே உட்கார்ந்தேன்.

"ஒரிஜினல குடுங்க. எறங்குறேன்" என்றேன்.

வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்றார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். உள்ளே ஒருத்தி, இவளால் நம்ம சம்பளத்தில் பிடிப்பான் என்று கத்தினாள். அதுதான் சுருக்கென்றது. எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது ஹேமாவதி ஜன்னலில் தலையை நீட்டினாள். அவளும் திட்டப்போகிறாள் என்று கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணே, அவ எறங்க மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். குடுத்துடுங்க, பஞ்ச் அடிக்கணும்."

எனக்காகச் சொன்னாளா, கம்பெனியில் வருகையைப் பஞ்ச் அடிக்க நேரமாகிறதே என்று சொன்னாளா, இன்றுவரை தெரியாது. பரந்தாமன் நைனாவுக்குப் போன் போட்டு, உன் பெண்ணை வந்து இழுத்துக்கொண்டு போ என்றார். நைனா வண்டி நிறையச் சவாரியோடு வந்து நின்றார். இறங்கு என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பரந்தாமன் அவரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்க் கவரை எடுத்து வந்து என் மடியில் எறிந்தார்.

நைனா பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தோம். ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"எறங்கு. ஆவடி பஸ்ஸு அங்க நிக்கிது பாரு."

"காலேஜுல ஊட்லேர்ந்து பெரியவங்கள இட்டுகினு வரச் சொல்லிக்கீறாங்க நைனா. அம்மா போனப்புறம் உன்ன உட்டா எனுக்கு யாரு கீறாங்க?"

"அப்பால லோனுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"படிச்சிட்டு வேல கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ? யாரு கட்றது?"

"அப்போ ஸ்க்ரூ முடுக்கிக் கட்றேன். ஆனா படிச்சிட்டு முடுக்குறேன்."

அவர் சாவியில் கையை வைத்தபடி ரோட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். காய்கறிப் பையோடு ஓர் அம்மா ஓடி வந்து, "நசரத்பேட்டை போவுமா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா ஒரு காலை வண்டியில் தூக்கி வைத்தபடி நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.