அலுமாரிக்குப் பொன்னாடை

உதயராஜின் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை முதன்முதலில் தூக்கிய நாலு பேரில் ஒருவர் அன்றோடு இசையைக் கைவிட்டுக் கோழிப்பண்ணை வைக்கப் போய்விட்டார். மற்ற மூவர்தான் இன்றைக்கும் ‘மாத்தளை பெப்பர்ஸ்’ என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டு கலியாணம் கலியாணமாக அலைகிறவர்கள். பாட்டும் கீபோர்டும் யாகூப். அவருக்கு டயர்க் கடையும் ஒரு வேனும் உண்டு. ஒக்டோபேட் என்கிற மின்தாளம் தட்டுகிறவன் ஹுஸ்னி. பேஸ் கிட்டார் உதயராஜ். கிழமை நாட்களில் அவன் டவுனில் மின்சாமான் கடையில் பல்ப் விற்பான்.

கடையில் விற்கிற சின்னப் பெட்டி எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதில் பேஸ் வாசித்தால் காதோரம் நுளம்பு இருமுகிற மாதிரி இருக்கிறதாம். கொழும்புக்குப் போய் அண்டாவளவு ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவந்து, தெருமுனை ஆசாரியிடம் கொடுத்து, “இதுக்கு ஒரு பெட்டி அடிச்சுத் தாங்க” என்றான். ஆசாரிக்கு வாழ்நாளில் தெரிந்தது அலுமாரி ஒன்றுதான். அலுமாரியாகவே செய்தார். நெஞ்சளவு உயரம், நாலு கால், நெற்றியில் கொடி வேலைப்பாடு. கதவு மட்டும்தான் இல்லை. காற்றுப் போக வட்டமாக ஒரு துவாரம் வேண்டுமென்று உதயராஜ் படம் கீறிக் காட்டினான். “வட்டத்துக்கெல்லாம் எங்கிட்ட ஆயுதம் இல்ல தம்பி” என்று முன்பக்கத்தின் மேற்பகுதியில் வாய் போல நீட்டாக ஒரு கீறல் போட்டார். கள்ளன் ஸ்பீக்கரைக் கழற்றக் கூடாதென்று பின்பலகைக்கு விரற்கடைக்கு ஒரு திருகாணி முறுக்கினார். கடைசியில் கன்னங்கரேலென்று மை பூசினார்.

சத்தம் என்றால் சத்தம்! உதயராஜ் அடித்தந்தியை ஒரு தரம் சுண்டினால் போதும். நாலாம் வீட்டுக் கோழி முட்டையிட்டுவிடும், ஐந்தாம் வீட்டு மாமாவின் பொய்ப்பல் கிளாசுக்குள் கிடந்தபடியே சிரிக்கும்.

“சத்தம் கெடக்கட்டும்டா, பாரம்?” என்பார் யாகூப். ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் ஒரு பங்களாவில் பிறந்தநாளுக்கு வாசிக்கப் போனபோது, ஏற்றத்தில் வேனின் முன்சக்கரம் இரண்டும் தரையைத் துறந்து வானத்தை நோக்கின. ஹுஸ்னியை இறக்கிப் பம்பர் மேல் உட்காரவைத்துத்தான் பனிமூட்டத்துக்குள் ஊர்ந்தார்கள். பங்களாவில் பெட்டியை இறக்கிவைத்தபோது யாகூப்பின் இடுப்பு ‘டக்’ என்றது. வாசிக்கத் தொடங்கினால் உள்ளே ஏதோ ஒரு திருகாணி கழன்று ‘கிணுகிணு’. அன்றைக்கு யாகூப் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தைலம் பூசிக்கொண்டு ஒரு கிழமை கிடந்து எழுந்தபிறகுதான் திறந்தார்.

“இஞ்ச பாரு உதயா. யட்டவத்தயில பொன்னுத்துரை முதலாளிட மகள் கலியாணம் வருது. அதுக்கு மட்டும் அலுமாரி வரட்டும். அங்கயும் அது ‘கிணு’ங்குச்சு, ‘கர்’ருங்குச்சு எண்டா, அதோட சரி. அடுத்த கலியாணத்துலருந்து பேஸ் என்ட இடது கைதான்.”

“அப்ப நான் என்ன செய்யிற, நானா?” யாகூப்பை அவன் அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

“நீ வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசிக்கிறவனைக் கண்டாலே உதயராஜுக்கு இரத்தம் கொதிக்கும். அது பேஸா? பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டுவது! ஆனால் வேன் யாகூப்புடையது, இடுப்பும் யாகூப்புடையது. உதயராஜ் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினான், மூட்டுக்கெல்லாம் பசை அப்பினான், புது வயர் வாங்கினான். பெட்டி ஊமைப் பிள்ளை மாதிரி அடங்கி நின்றது.

கலியாண நாள். காலையில் கோயிலில் தாலிகட்டு முடிந்து, பகல் சாப்பாட்டுக்கு யட்டவத்த மண்டபத்தில் வரவேற்பு. பெட்டியை மேடைப்படியில் ஏற்றினார்கள். கடைசிப் படி ஏறியதும் மூவருக்கும் மூச்சு தீர்ந்தது. அந்த இடத்திலேயே அது உட்கார்ந்துவிட்டது. இனி யார் சொன்னாலும் அசையாது.

மண்டபம் சோடிக்கும் நிரோஷா கையில் கத்தரிக்கோலோடு பறந்து வந்தாள்.

“அண்ணே, என்னாண்ணே இது? மங்களமான நாள்ல மேடையில கறுப்புப் பெட்டி!”

“ஸ்பீக்கர் தங்கச்சி.”

“ஸ்பீக்கரோ சவப்பெட்டியோ, கறுப்பு ஆகாது. முதலாளியம்மா கண்டாங்கன்னா என்னையத் தூக்கி அதுக்குள்ள வச்சிருவாங்க.”

“கறுப்பு ஆகாதெண்டா என்ட தலைமுடிய என்ன செய்யிற?” என்றார் யாகூப், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“ஒங்களுக்கு அது கொஞ்சந்தானேண்ணே, தெரியாது.”

தங்க நிறச் சாட்டின் துணியை எடுத்துப் பெட்டியைப் போர்த்தத் தொடங்கினாள். உதயராஜ் குறுக்கே விழுந்தான்.

“ஐயோ, அந்த வாயை மூடிராத! காத்து வெளிய வரணும். மூடுனா பேஸ் செத்துரும்!”

நிரோஷா கலைஞி. மூடாதே என்றால் மூடாமல் மட்டும் விடுவாளா? வாய்க்கு நேரே துணியை வெட்டி, ஓரத்தை மடித்து ஊசி குத்தி, சுற்றிலும் வெள்ளைப் பூச்சரம் ஒட்டி, இரண்டு பக்கமும் வெள்ளி இதயம் ஒவ்வொன்று பதித்தாள். அலுமாரி மணமகளைவிட அழகாக நின்றது. உதயராஜ் நன்றிகூடச் சொன்னான்.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். மணமக்களை வாழ்த்த மேடைப்படி ஏறி வரிசையாக வந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த உதயராஜ் ஓர் அதிசயம் கண்டான். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா படியேறி வந்து, நேரே மணமக்களிடம் போகாமல், அவனுடைய பெட்டிக்கு முன்னால் நின்று, குனிந்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, துணியை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவரும் குனிந்தார். அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே குனிந்தது. பெட்டியின் உயரத்துக்கு மேலே அவனுக்குத் தலைகள் மட்டும்தான் தெரிந்தன, ஒவ்வொன்றும் பக்தியோடு தாழ்ந்து எழுந்தது.

இத்தனை வருடத்தில் பேஸைப் பற்றி அவன் கேட்ட ஒரே விமர்சனம், “தம்பி, அத கொஞ்சம் கொறைங்க.”

“மச்சான், பாரு,” என்றான் ஹுஸ்னியிடம். “பேஸ் வெளங்குற சனம் யட்டவத்தயிலதான் இருக்கு!”

“தலைக்கனம் ஏத்தாம அடி மச்சான்.”

அடித்தான். அப்போதுதான் வந்தது அந்தச் சத்தம். ‘பர்ர்ர்.’

கடதாசிப் பைக்குள் கரப்பான் சதிராடுகிற மாதிரி. உதயராஜ் வயரை ஆட்டினான். ‘பர்ர்ர்.’ வயரை மாற்றினான். ‘பர்ர்ர்ர்.’ அம்ப்ளிபயரின் குமிழ்களை எல்லாம் திருகினான், கிட்டாரில் கிடந்த பற்றரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான், தந்தியைத் தளர்த்தினான், இறுக்கினான், கடைசியில் செருப்பையும் கழற்றிவிட்டு நின்று பார்த்தான். ஒரு விருந்தாளி வந்து குனிந்து போகும்போதெல்லாம் சத்தம் கூடிற்று. தன்னுடைய ரசிகர்களின் முன்னாலேயே இப்படியா என்று அவனுக்கு அழுகை வந்தது.

யாகூப் அப்போது “என் உயிரே, என் நிலவே” என்று உருகிக்கொண்டிருந்தார். உருகியபடியே திரும்பி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “டேய் கழுத, அத நிப்பாட்டு!” என்றார். மறுபடி உருகினார். பாட்டின் இரண்டாம் அடிக்கு அவருடைய இடது கை கீபோர்டின் கீழ்ப்பக்கத்துக்கு நகர்ந்தது. ‘தும், தும்.’ பிளாஸ்டிக் வாளி! ஹுஸ்னி பல்லைக் காட்டினான். உதயராஜ் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி, தன் வேலையை வேறொருவனின் அஞ்சு விரல் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மண்டபத்தின் அந்தக் கோடியில் வேறொரு நெருப்புப் பற்றியிருந்தது. பொன்னுத்துரை முதலாளி மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். யட்டவத்தயில் ஒரு கலியாணம் விடாமல் போய் மொய் வைத்தவர். அந்த மொய்யெல்லாம் இன்றைக்குத் திரும்பி வருகிற நாள். வாசலில் மொய் கவர் போடுவதற்கென்று நிரோஷா இதய வடிவில் ஒரு குட்டிப் பெட்டி வைத்திருந்தாள். சாப்பாட்டுக்காரர்கள் ஐஸ்கிறீம் பெட்டியை இழுத்து அதற்கு முன்னால் விட்டு அதை மறைத்திருந்தார்கள். முதலாளி இதயப் பெட்டியை வெளியே எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கினார். நோன்பாளியின் வயிறு மாதிரி இருந்தது.

மேடைக்கு ஓடி வந்தார். முகம் பழுத்த கொச்சிக்காய் மாதிரிச் சிவந்திருந்தது.

“தம்பி யாகூப், மொய் களவு போயிருச்சு,” என்று காதுக்குள் சீறினார். “பாட்டை மட்டும் நிப்பாட்டிராதீங்க. சனம் வெளிய போயிரப்படாது, கள்ளன் உள்ளுக்குத்தான் இருப்பான். வேகமா ஒண்ணு போடுங்க!”

யாகூப் பைலாவுக்குத் தாவினார். வலது கையும் ஓடிற்று, இடது கையும் ஓடிற்று. உதயராஜுக்கு அங்கேதான் பொறுமை அறுந்தது. போகிறதென்றால் முழுச் சத்தத்தில் போவோம் என்று அம்ப்பின் குமிழைக் கடைசிவரை திருகி, அடித்தந்தியை ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

‘தூம்ம்ம்!’

அலுமாரியின் வாயிலிருந்து, நாலு மூலையும் மஞ்சள் பூசிய ஒரு கவர் பறந்து வந்து பொன்னுத்துரை முதலாளியின் நெஞ்சில் அறைந்து விழுந்தது.

முதலாளி அதை எடுத்தார். பெயரைப் படித்தார். “எங்க சகலையோடது,” என்றார் மெல்ல. பிறகு அலுமாரியைப் பார்த்தார். “தம்பி... இன்னொருக்கா அடிங்க.”

‘தூம்ம்ம்!’ இன்னொன்று. அது மாப்பிள்ளையின் தலைப்பாகையில் சொருகி நின்றது. மணமகள் தர்ஷிகா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ‘தூம்! தூம்!’ இரண்டு சேர்ந்து வந்து கேக்கின் மூன்றாம் தட்டில் இறங்கின. சனம் இது புது விதமான ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டியது. “நான் ஒண்ணும் செய்யல!” என்று நிரோஷா கத்தினாள். யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

உதயராஜுக்கு எல்லாம் விளங்கிற்று. குனிந்த தலைகள், பக்தி, தட்டிக்கொடுத்த கைகள். பேஸ் விளங்குகிற சனமாவது, மண்ணாவது!

“பின்னால கழட்டுங்க!” என்றார் முதலாளி. ஹுஸ்னி எட்டிப் பார்த்தான். “முதலாளி, இந்தத் திருகாணியெல்லாம் கழட்டி முடிய புள்ளைக்கு வளைகாப்பு வந்துரும்.”

“அப்ப கவுத்துப் புடிங்கடா!”

சாப்பாடு பரிமாறும் தடியர்கள் நாலு பேர் வந்து, கழுத்து நரம்பு புடைக்க, அலுமாரியை முகங்குப்புறச் சாய்த்துப் பிடித்தார்கள். கீழே முதலாளி வேட்டியை ஏந்திக்கொண்டு குந்தினார். “தம்பி யாகூப், நீங்க சும்மா இருங்க. அந்த ‘தும் தும்’மால ஒண்ணும் வருதில்ல. பேஸ் தம்பி, நீங்க அடிங்க!”

யாகூப்பின் இடது கை கீபோர்டை விட்டு இறங்கிச் சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பேஸ் கிட்டாரைக் கேட்டது. இலங்கையிலேயே இப்படியொரு கூட்டம் பேஸுக்குக் காது கொடுத்தது அன்றைக்குத்தான் என்று அடித்துச் சொல்லலாம். உதயராஜ் தனக்குத் தெரிந்தது எல்லாம் வாசித்தான். தெரியாததையும் வாசித்தான். ஒவ்வொரு கீழ்ச் சுரத்துக்கும் ஒரு கவர் உதிர்ந்தது. ஏறு சுரத்துக்கு ஒன்றும் வரவில்லை, “கீழ, கீழ அடிங்க தம்பி, மேல போகாதீங்க!” என்று முதலாளி கீழிருந்து திருத்தினார். தடியர்களில் ஒருவன், “அண்ணே, சுருக்கா முடிங்கண்ணே, கை கழலுது” என்று அழுதான். கடைசிக் கவர் விழுந்த பிறகும் முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் மூன்று பாட்டுக்கு வெறும் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கவைத்தார்.

‘பர்ர்ர்’ அப்போது போயே போய்விட்டது. உதயராஜ் யாகூப்பைப் பார்த்தான். “நானா, பெட்டி பிழையில்ல பாத்தீங்கதானே?”

மேடைக்குக் கீழே யாகூப்பை ஆட்கள் சூழ்ந்திருந்தார்கள். “வைகாசியில எங்க மகனுக்கு வச்சிருக்கு. அந்தப் பெட்டி கட்டாயம் வரணும். பாட்டு எப்பிடியாவது இருக்கட்டும்.” “எங்க வீட்டுக்கும் தங்கத்துணியோடயே கொண்டாங்க.” கள்ளன் கை வைக்க முடியாத பெட்டி, யானை வந்தாலும் தூக்கிக்கொண்டு போகாத பெட்டி என்று செய்தி சாப்பாட்டு மேசை மேசையாக நடந்தது. இடுப்பை மறந்து யாகூப் எல்லாருக்கும் தலையாட்டினார். “பெட்டி வரும், பெட்டி வரும். அது இல்லாம நாங்க போறதே இல்ல.”

அடுத்த கலியாணம் தம்புள்ளை தாண்டிச் சீகிரியா பக்கம் ஒரு ஹோட்டலில். வேன் உதயராஜின் வீட்டு வாசலுக்கு வந்தது. மூவருமாகப் பெட்டியை ஏற்றினார்கள். யாகூப் தானே போர்வை விரித்து, பக்கத்தில் தலையணை வைத்து, ஓரம் உரசாமல் பட்டியும் போட்டார். துணி கசங்கக் கூடாதென்று நிரோஷாவும் ஏறி அதன் அருகில் உட்கார்ந்துகொண்டாள். உதயராஜ் கிட்டாரோடு காலைத் தூக்கி வைத்தான்.

“எங்கடா ஏறுற?” என்றார் யாகூப். “எடம் எங்க இருக்கு?”

“நானா, நான் வரலன்னா யாரு வாசிக்கிறது?”

“வரவேணாமெண்டா சொன்னேன்? பஸ்ல வாடா. சுருக்கா வா. நீ அடிக்காட்டி கவர் வெளிய வராது.”

வேன் போய்விட்டது. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முதுகில் கிடந்த கிட்டார் ஓர் அம்மாவின் கொண்டையைக் கலைக்க, அவர் அவனுடைய ஏழு தலைமுறையையும் நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். கொண்டக்டர் நெருக்கிப் பிழிந்துகொண்டு வந்து கை நீட்டினான்.

“எங்க போகணும்?”

“என்னோட அலுமாரி போற எடத்துக்கு,” என்றான் உதயராஜ்.

கொண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பஸ் போகிற கடைசி ஊரான தம்புள்ளைக்கு ஒரு டிக்கட் கிழித்துக் கொடுத்தான். கிட்டாருக்கு இன்னொன்று.