பதினைந்து பங்கு பனி

1991 மார்ச்சில், அல்சூர் ஏரிக்குப் போகும் சந்தில் இருந்த நோராவின் வீட்டுப் பின்னறைக்கு வடதுருவத்துக் கடற்பனி வந்து சேர்ந்தது. அந்த வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்தது; சந்துக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசினார்கள். சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பனி. நோரா அப்போதுதான் பொம்மசந்திராவில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். செயற்கைக்கோள் படங்களில் துருவக் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எது பனி, எது தண்ணீர் என்று குறித்து, வருஷத்துக்கு வருஷம் பனியின் பரப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வேலை. ஒரு கட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பனி இருந்தால் போதும், முழுக் கட்டமும் பனி என்றே சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே போனால் தண்ணீர். கரையோரக் கட்டங்களில் மட்டும் கம்ப்யூட்டர் நிலத்தையும் பனியையும் குழப்பிக்கொள்ளும். அவற்றை நோராதான் கண்ணால் பார்த்துத் தீர்த்தாள்.

அவள் வேலைக்குப் போவது லேத் பட்டறைக்காரனான அவள் புருஷன் சிரிலுக்குப் பிடிக்கவில்லை. “நீ வேலைக்குப் போனா நான் வூட்ட விட்டுப் போயிடுவேன்” என்றான். “போயேன், யாரு புடிச்சு வச்சிருக்காங்க?” என்றாள் நோரா. தெருக்கதவு திறந்தே கிடக்க, மனுஷன் கோபத்தில் பின்னறை வழியாகப் பனியில் இறங்கி நடந்துவிட்டான். சாப்பாட்டு நேரத்துக்குள் கூப்பிடுவாள் என்று அவனும், அதற்குள் வந்துவிடுவான் என்று இவளும் இருந்தார்கள். வீம்பில் இருவரும் சரிக்குச் சரி. சில நாளில் வீம்பு கரைந்து சிரில் திரும்பி நடந்தபோது, கடற்பனி அவன் காலடியில் எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் வீட்டைப் பார்த்து நடப்பான்; நடந்த தூரத்தைப் பனி அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

வருஷங்கள் இப்படியே போயின. மார்ச்சில் பனி பரந்து நடுக்கூடம் வரை வரும், சிரிலும் குரல் கேட்கும் தூரத்துக்கு வந்துவிடுவான். நோரா டிபன் கேரியரைப் பனிமேல் சறுக்கிவிடுவாள். சிறிது நேரத்தில் “உப்பு கம்மி!” என்று சத்தம் வரும். செப்டம்பரில் பனி சுருங்கி, அவன் எறும்பளவு ஆகிவிடுவான். எதிர்வீட்டுப் பூக்காரி லட்சுமம்மா பனியோரத்தில் மல்லிகைச் சரங்களை வாடாமல் வைத்துக்கொண்டாள். ஊர்க்கதையெல்லாம் சிரிலுக்குக் கத்திச் சொன்ன நோரா, ‘வா’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

பனி ஒரு வருஷம் கூடும், மறுவருஷம் குறையும். பல வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால் தேய்ந்துகொண்டேதான் வந்தது. அலுவலகத்துக்கு அது படத்தில் இறங்கும் ஒரு கோடு. நோராவுக்கோ அந்தக் கோட்டின்மேல் புருஷன் நின்றிருந்தான், அதுவும் ஏரிக்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாத புருஷன். அந்தப் பயத்தில்தான் 2005 செப்டம்பரில், பனி போதாத ஒரு கரையோரக் கட்டத்தை அவள் பனி என்று குறித்தாள். அன்று மாலை பின்னறை ஓரத்தில், அவள் குறித்ததற்கு மரியாதையாக, மெல்லிய பனித்தோல் ஒன்று படர்ந்தது. சிரில் அதை நம்பிக் கால் வைத்தான். இடுப்புவரை உள்ளே போய்த் தவழ்ந்து ஏறித் தப்பித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் இருமல் சந்தெல்லாம் கேட்டது. நோரா மறுநாளே போய்க் குறிப்பைத் திருத்தினாள்.

2007 செப்டம்பரில் பனி என்றுமில்லாத அளவுக்குச் சுருங்கியது. உடைந்த துண்டு ஒன்று சிரிலைச் சுமந்துகொண்டு வீட்டுப் பக்கமாகவே மிதந்து வந்தது. அலுவலகத்தில், அவனுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கரையோரக் கட்டம் நோராவின் திரைக்கு வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் பதினான்கு பங்குதான். பக்கத்தில் நின்ற மேலாளர் மஞ்சுநாத், “ஒண்ணுதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணிப் பனின்னு போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். தெரிந்துகொள்ளப் போகிறவனை நோரா நினைத்தாள். தண்ணீர் என்று குறித்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் சிரில் துண்டுப் பனியின் விளிம்பில் நின்று, எதிரே பனியா தண்ணீரா என்று காலால் தடவிக்கொண்டிருந்தான். நோரா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வீசினாள்.

“அது தண்ணி! நடக்காத, எறங்கு!”

“எனக்கு நீச்சல் தெரியாதுடி!”

“அது எனக்குத் தெரியும். நான் இழுக்கறேன். வா.”

பதினாறு வருஷமாக வராத வார்த்தை. சிரில் அதன் பிறகு ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டான். நோரா அழுதுகொண்டே இழுத்தாள், லட்சுமம்மாவும் ஓடி வந்து கயிற்றின் வாலைப் பிடித்தாள். கரையேறியவன் முழுசாக இல்லை. இருமல் இருந்தது, குரல் இருந்தது, வலது கை இருந்தது, உட்கார்ந்தால் கட்டிலில் பள்ளம் விழுந்தது. மற்றதைக் குளிர் வைத்துக்கொண்டது. “இத்தினி வருஷம் ஐஸ்ல கெடந்த மனுசன் முழுசாவா வருவான்?” என்று லட்சுமம்மா ஈர மல்லிகையை அள்ளிக்கொண்டு போனாள். நோரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். தொழில் பழக்கம், கண் தானாக அளந்தது. பதினைந்துக்குக் குறையவில்லை.

கொஞ்ச நாளில் பின்னறைச் சுவர் பழையபடி எழும்பிவிட்டது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் வாசலில் நின்று, “மனேலி எஷ்டு ஜனா?” என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டில் இரண்டு பேர் என்று நோராவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில்மேல் ஒரு கை காபி டம்ளரைக் கீழே வைத்தது.

“சக்கரை கம்மி” என்றது குரல்.

வந்தவர் இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நோரா சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.